வயிறு வீங்கிய பாட்டுப்பெட்டி

குளித்துவிட்டுத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது முதலில் வாடைதான் அவள் மூக்கில் ஏறியது. நகப்பூச்சும் அழுகிய பழமும் கலந்தாற்போல ஓர் இனிப்பு நாற்றம். மகள்தான் கையில் எதையோ பூசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தாள். அடுத்த நொடி, 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அடுப்பில் குக்கர் இல்லை. சத்தம் ஜன்னலோரத்து வேலை மேசையிலிருந்து வந்தது.

மேசையில் சார்ஜ் போட்டிருந்த, சட்டைப் பாக்கெட்டில் அடங்கும் பாட்டுப்பெட்டி தவளை மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகுத் தகடு விலகி, உள்ளேயிருந்து வெள்ளைப் புகை பீய்ச்சியது.

"அம்மா, என்ன நாத்தம் இது?" மகள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"கிட்ட வராத! ஜன்னலத் தொற, எல்லா ஜன்னலையும் தொற!"

சுவரில் சுவிட்சை அணைத்தாள். சமையலறைக்கு ஓடி இடுக்கியை எடுத்து வந்தாள். பெட்டியைப் பிடித்துத் தூக்கி, கையை முடிந்த மட்டும் உடம்பிலிருந்து தள்ளி நீட்டிக்கொண்டு, பால்கனிக்குப் போய் ரோஜாத் தொட்டியில் வைத்து மேலே மண்ணை அள்ளிக் கொட்டினாள். மண்ணுக்கடியிலும் அது சீறியது. பிறகு அடங்கியது. மேசை விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல் விழுந்திருந்தது.

அவள் கணவர் பல் தேய்க்கும் பிரஷோடு வந்து, மேசையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அந்தப் பூச்செடி என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார்.

துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்ததும் அவளுக்குத் தெரியவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, பேட்டரிகள் இருந்த பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். போன மாதம் வாங்கியவற்றில் இரண்டு மிச்சம் இருந்தன. வாங்கும்போது பிஸ்கட் போலத் தட்டையாக இருந்தவை. இப்போது இரண்டும் குட்டித் தலையணைகள்.

அந்தச் சரக்கிலிருந்து எடுத்து மாட்டிய பேட்டரி இந்த ஒரு பெட்டியில் மட்டும் இல்லை. அவள் விற்ற இன்னும் மூன்று பெட்டிகள் வெளியே போயிருந்தன. மூன்றும் யாரோ மூன்று பேர் உடம்போடு ஒட்டிக்கொண்டு எங்கேயோ பாடிக்கொண்டிருக்கின்றன.

அவளை வீட்டில் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் கால் தரிக்காது. அவள் பில் போட்டுக்கொண்டிருந்த மருந்துக்கடையை முதலாளி வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போனதிலிருந்து, இருந்த கொஞ்சநஞ்ச நிதானமும் போய்விட்டது. சமையலறை அலமாரியை வாரத்துக்கு ஒரு தினுசாக அடுக்கினாள். டவுன் பஸ் ஓட்டிக் களைத்து வரும் கணவர், தன் வீட்டிலேயே உப்பு எங்கே என்று வழி கேட்கவேண்டியிருந்தது. திரைச்சீலை தைத்தாள், ஓரம் கோணல் என்று பிரித்தாள், மறுபடி தைத்தாள்.

அப்போதுதான் மகள் பரீட்சைக்குப் படிக்கவேண்டும் என்று தன் போனை அம்மாவிடம் கொடுத்து, கேட்டாலும் தராதே என்று பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, "பாட்டு இல்லாம மண்டையில ஏற மாட்டேங்குதும்மா" என்றாள். பூட்டைத் திறக்க அம்மாவுக்கு மனசில்லை. பழைய சாமான் தெருவுக்குப் போனாள். பிளாஸ்டிக் விரிப்பில் சார்ஜர்களும் ரிமோட்டுகளும் குவிந்து கிடந்த இடத்தில், வெறும் பாட்டு மட்டும் பாடும் சின்னப் பெட்டி ஒன்று கிடந்தது. "செத்துப்போச்சுங்க. அழகுக்கு வேணா வச்சுக்கலாம்" என்றான் விற்றவன். அந்தச் சொல் அவளை என்னவோ செய்தது. வாங்கி வந்துவிட்டாள்.

திறக்கத் தெரியாமல் கணவரின் சவரக் கத்தியை முறித்தாள். வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். தலை காயவைக்கும் டிரையரால் முதுகைச் சூடு பண்ண வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் சில்லை விளிம்பில் நுழைத்து ஓட்ட வேண்டும். திறந்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, உள்ளே தலைமுடியைவிட மெல்லிய வயர்ப் பட்டையொன்று இரண்டு பாதிகளையும் பிடித்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளை ஐஸ் தட்டின் குழிகளில் போட்டு வைத்தாள். கோந்தில் ஒட்டியிருந்த பழைய பேட்டரியைக் கிளப்பிப் புதியதை வைத்து, ஹெட்போன் ஓட்டையில் அடைத்திருந்த பஞ்சைப் பல்குத்தும் குச்சியால் எடுத்தபோது, செத்த பெட்டி கண் விழித்தது. முன்னால் வைத்திருந்தவர் யாரோ, நூறு குத்துப் பாட்டுக்கு நடுவே மூச்சுப் பயிற்சிப் பாடம் ஒன்றையும் வைத்திருந்தார். "மூச்சை மெதுவாக விடவும்" என்று ஒரு குரல் அவள் காதுக்குள் சொன்னது. வெகு நாளைக்குப் பிறகு அவள் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் விடவில்லை. வாரம் ஒருமுறை பழைய சாமான் தெரு. உடைந்தது, நனைந்தது, திரை செத்தது எல்லாம் வீட்டுக்கு வந்தன. "நம்ம வீடு ஆஸ்பத்திரியா, சுடுகாடான்னு தெரியல" என்றார் கணவர். ஆனால் வாங்க ஆட்கள் வந்தார்கள். டீக்கடைப் பலகையில் ஒரு சின்ன அறிவிப்பு ஒட்டினாள், அவ்வளவுதான். போன் வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்று இத்தனை பேர் இருப்பார்கள் என்று அவள் நினைக்கவேயில்லை.

பேட்டரி விஷயத்தில் அவள் கறார். மாட்டிய பிறகு ஒரு நாள் முழுக்கப் பீங்கான் தட்டில் வைத்துச் சார்ஜ் ஏற்றி, இறக்கி, தொட்டுப் பார்த்துத்தான் கொடுப்பாள். போன மாதம் மட்டும் தவறிவிட்டது. வழக்கமாக அனுப்புகிறவரிடம் சரக்கு இல்லை. வேறொருவர் இணையத்தில் மறுநாளே அனுப்புகிறேன் என்றார். வந்தது. மூன்று பேர் காத்திருந்தார்கள். அவளுக்கும் கை துறுதுறுத்தது. மாட்டியவுடன் பாடியது, கொடுத்துவிட்டாள். இப்போது அந்த விற்பனைக்காரரின் பக்கத்தைத் தேடினால், பக்கமே இல்லை.

"நான் போய் மூணையும் வாங்கிட்டு வரேன்" என்றாள்.

கணவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். "எதுக்கு? யாராவது வந்து சொன்னாங்களா? ஒருத்தரும் வரல. நீயா போய், நான் குடுத்தது வெடிக்கும்னு சொன்னா, நாளைக்கு அவங்க வீட்டுல ஸ்டவ் வெடிச்சாலும் உன் தலையிலதான் வந்து விழும்."

"அதுக்காகச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"கொஞ்ச நாள் பாரு. உனக்கு எல்லாத்துலயும் அவசரம்."

"ஏங்க, பிரேக் பிடிக்காத பஸ்ஸ டிப்போவுல எடுத்து உங்க கையில குடுத்தா, ஓட்டிப் பாத்துட்டு, இடிச்சப்புறம் வந்து சொல்றேன்னு சொல்வீங்களா?"

மகள்தான் இடையில் புகுந்து, "அப்பா அவுட்" என்றாள்.

"சிரிக்காதடி. போ, படி" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பினார். போகும்போது செருப்பை மாட்டியபடி, "அந்த வீங்கினதக் கையில தூக்கிட்டு அலையாத. ஒரு தகர டப்பாவுல மண்ணு போட்டு எடுத்துட்டுப் போ" என்றார். அது சம்மதமா கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரிய பிஸ்கட் டப்பாவில் பாதி மணல் நிரப்பினாள். கருவிகளையும், வழக்கமாக அனுப்புகிறவரிடமிருந்து பிறகு வந்திருந்த நல்ல பேட்டரிகளையும், அதிலொன்று மாட்டிய உபரிப் பெட்டி ஒன்றையும் பையில் போட்டாள். அவற்றைப் போன வாரமே தட்டில் வைத்துச் சோதித்திருந்தாள். கருகிய பெட்டியைத் தொட்டியிலிருந்து தோண்டி, ஜாடியில் அடைத்து அதையும் எடுத்துக்கொண்டாள். கையில் சாட்சி இல்லாமல் யார் நம்புவார்கள்?

முதலில் பக்கத்துத் தெருத் தையல்காரி. நான்கு மிஷின்கள் ஓடும் அறை அது. மிஷின் சத்தம் தாங்காமல்தான் அவள் பாட்டுப்பெட்டி வாங்கினாள். ஒரு காலால் மிதித்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டு, "அதான் ரெண்டு நாளா மூடி சரியா உக்கார மாட்டேங்குதேன்னு பாத்தேன். செலோடேப் போட்டு ஒட்டிட்டேன்" என்று இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. பம்பரம் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். வெட்டும் மேசையின் ஓரத்தில், துணித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேட்டரியைக் கிளப்பினாள். உலோகம் எதுவும் அதில் குத்திவிடக் கூடாது. குத்தினால் தீ. கிளம்பியதை மண் டப்பாவுக்குள் வைத்தபோதுதான் மூச்சு வெளியே வந்தது. தையல்காரி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "முடிஞ்சா அந்த மூணாவது பாட்ட அழிச்சுடு. அது வந்தாலே எனக்குத் தையல் கோணலாப் போகுது" என்றாள்.

அடுத்தவர் நீச்சல் குளத்துப் பயிற்சியாளர். விசில் தொங்கும் கழுத்து, கரகரத்த தொண்டை. பிள்ளைகள் கிளம்பியபின் தரையைக் கழுவிக்கொண்டே பாட்டுக் கேட்பது அவர் வழக்கம். அவள் சொல்லி முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்துக் கேட்டார்.

"எனக்கு நல்லாத்தானே பாடுது? நல்லா இருக்கிறத எதுக்கு நோண்டணும்?"

"இன்னைக்குப் பாடும் சார். நாளைக்கு என்ன பண்ணும்னு சொல்ல முடியாது."

"அதெல்லாம் பாத்துக்கலாம். இங்கதான் இவ்வளவு தண்ணி இருக்கே. புகை வந்தா உள்ள தூக்கிப் போட்டுடறேன்."

"பிள்ளைங்க நீந்துற தண்ணியிலயா சார்?"

அவள் ஜாடியை எடுத்து நீட்டினாள். உருகி, கறுத்து, வாய் பிளந்து கிடந்ததை அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அலுவலக அறைக்குப் போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தார், விரல் நுனியால் செத்த எலியைப் பிடிப்பதுபோல. அவர் பேட்டரி இன்னும் தட்டையாகத்தான் இருந்தது. அதையும் மாற்றினாள்.

மிச்சம் ஒருவர். பெயிண்டர்.

அவருக்குப் போன் இல்லை. வேலையில் இருக்கும்போது ஒன்பதாவது மாடியிலிருந்து அவர் போன் விழுந்து, கீழே சிமெண்ட் குழம்புக்குள் போய்விட்டதாம். "இப்ப அது ஒரு தூணுக்குள்ள இருக்குக்கா. அந்தக் கட்டடத்துக்கு யாராவது கால் பண்ணினா தூணு அதிரும்" என்று சொல்லிச் சிரித்தவர். முகவரியும் தரவில்லை. நகத்தில் வெள்ளைப் பெயிண்ட். கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவருக்குப் பூசுகிறவர். ஆறு பேர் தங்கும் அறை. இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அப்புறம் ஒன்று: அறையில் ஒருவர் குறட்டை விடுகிறார் என்பதால் பெட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன் என்று சொல்லியிருந்தார். தலையணைக்கு அடியில். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கழுத்துப் பின்னால் சுட்டது.

அன்று சாயங்காலம்வரை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தாள். இரண்டு பேர் மேல் முட்டினாள். சாரம் கட்டியிருந்த கட்டடங்களின் கீழெல்லாம் போய் நின்று, பெயிண்டர் யாராவது என்று கேட்டாள். ஒரு இடத்தில் கொத்தனார்கள். இன்னொரு இடத்தில் கண்ணாடி துடைக்கிறவர்கள். டீக்கடைக்காரர், "தினம் வருவாரு, ரெண்டு நாளாக் காணோம்" என்றார். ஏன் காணோம்? அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். பெயிண்ட் கடையில் இருந்தவர், "வெளிச்சுவரு பெயிண்டர்னா நூறு பேரு வராங்கம்மா, எல்லாருக்கும் நகத்துல பெயிண்ட்தான் இருக்கும்" என்று சிரித்தார். சிரிப்பாகவா இருக்கிறது என்று அவள் மனசுக்குள் கறுவினாள்.

வீட்டுக்கு வந்தும் உட்காரவில்லை. சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டாள். மகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்து, தீக்காயம் பட்டு யாராவது வந்தார்களா என்று கேட்கலாமா என்றாள். "வாயக் கழுவு" என்றாள் அம்மா. ஆனால் அவளே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கணவர் அந்த ஆள் எப்படி இருப்பார் என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். "ஒல்லியா, சிரிச்ச முகமா. தலையில எப்பவும் ஒரு மஞ்சத் துணி கட்டியிருப்பாரு."

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கணவர்தான் போன் செய்தார்.

"எங்க இருக்க?"

"பாலத்துக்கிட்ட. இங்க ஒரு கட்டடம்..."

"அத விடு. என் ரூட்டு கடைசி ஸ்டாப்புக்கு வா. எட்டு மாடி, புதுசா நீலம் அடிக்கிறாங்க. நாலு பேரு கயித்துல தொங்குறாங்க. ஒருத்தன் தலையில மஞ்சத் துணி. பஸ்ஸத் திருப்பும்போது பாத்தேன். எனக்கு டிரிப் முடிஞ்சது, அரை மணி நேரம் இருக்கு. வா, நான் கேட்டுல நிக்கிறேன்."

அவள் ஆட்டோ பிடித்துப் போனாள்.

அவர்தான். ஐந்தாவது மாடி உயரத்தில், இரண்டு கயிற்றில் கட்டிய ஒரு பலகையில் உட்கார்ந்து, ரோலரை இழுத்துக்கொண்டிருந்தார். வெயில் நேராகச் சுவரில் அடித்தது. கழுத்திலிருந்து கறுப்பு வயர் ஒன்று சட்டைப் பாக்கெட்டுக்குள் போவது கீழேயிருந்தே தெரிந்தது. நெஞ்சுக்கு நேரே.

"தம்பி! பெயிண்டர் தம்பி!"

அவர் திரும்பவில்லை. காதில் பாட்டு. அவள் இரண்டு கையையும் ஆட்டிக் குதித்தாள்.

மேஸ்திரி ஓடிவந்தார். "என்னம்மா, துணியில பெயிண்ட் சொட்டிடுச்சா? எழுதிக் குடுங்க, மாசக் கடைசியில பாத்துக்கலாம்."

"இல்லைங்க, அவரக் கொஞ்சம் கீழ இறக்கணும். அவசரம்."

"என்ன அவசரம்?"

அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் மேஸ்திரிக்குப் பின்னால் சுவரில் தொங்கிய பலகை கண்ணில் பட்டது. மேலே ஏறும்போது போன், ஹெட்போன் கூடாது என்று எழுதியிருந்தது. உண்மையைச் சொன்னால் அவர் பிழைப்பில் மண் விழும். சொல்லாவிட்டால் நெஞ்சில் நெருப்பு விழும்.

"நான் அவரோட அக்கா. வீட்டுல ஒரு விஷயம்."

"அக்காவா? கூடப் பொறந்தது ரெண்டும் தம்பிங்கன்னு சொன்னானே?"

"பெரியப்பா பொண்ணு" என்றார் அவள் கணவர் பக்கத்திலிருந்து, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் சொல்லி அவள் கேட்ட முதல் பொய் அது.

"சரி, சாப்பாட்டு நேரத்துல இறங்குவான். அதுவரைக்கும் நிழல்ல உக்காருங்க."

அவளால் உட்கார முடியுமா? மேஸ்திரி வேறு பக்கம் திரும்பியதும் கட்டடத்துக்குள் நுழைந்தாள். லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. மண் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். ஐந்தாவது மாடியில் மூச்சு இரைக்க, தெருப் பக்கம் பார்த்த வீட்டுக் கதவைத் தட்டினாள். காதில் மைக் வைத்த ஹெட்போனோடு ஓர் இளம்பெண் திறந்தாள்.

"நான் மீட்டிங்ல இருக்கேன்."

"உங்க ஜன்னலுக்கு வெளிய ஒரு ஆள் தொங்குறாரு, அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். ரெண்டே நிமிஷம். கெஞ்சிக் கேக்கிறேன்மா."

அந்தப் பெண் இவள் முகத்தைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, வழிவிட்டாள். பெயிண்ட் தெறிக்காமல் ஜன்னலில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள். பம்பரம் அதைக் கிழித்து, கதவைத் திறந்தாள். கம்பிகளுக்கு வெளியே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நீலப் புள்ளிகள் தெறித்த பாதம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தட்டினாள்.

பெயிண்டர் குனிந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு காதிலிருந்து வயரை எடுத்தார்.

"அக்கா! இது உங்க வீடா?"

"தம்பி, அந்தப் பெட்டியக் குடுங்க. பாக்கெட்டுல இருக்குல்ல, அத மெதுவா எடுத்துக் குடுங்க. அழுத்தாதீங்க."

"ஏங்க்கா, நல்ல பாட்டு ஓடுது."

"பேட்டரி கெட்டது. எங்க வீட்டுல ஒண்ணு தீப்பிடிச்சுருச்சு. குடுங்க தம்பி."

அவர் சிரிப்பு நின்றது. பாக்கெட்டுக்குள் இரண்டு விரல் விட்டு எடுத்தார். திரை ஒரு பக்கம் கிளம்பி, பெட்டி பிதுங்கியிருந்தது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தார். "நேத்துலேருந்து குண்டாயிடுச்சு. வெயிலுக்கா இருக்கும்னு விட்டுட்டேன். இப்பக்கூட நெஞ்சுல சுடுதேன்னு பாத்தேன்."

ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, இன்னொரு கையைக் கம்பிக்குள் நீட்டினார். வயரோடு சேர்த்து அவள் அதைத் துணியில் வாங்கி மண்ணுக்குள் வைத்தாள். துணிக்கு மேலாகவும் சூடு தெரிந்தது. அந்த இளம்பெண் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "பாத்துப் போங்க" என்று கிசுகிசுத்தாள்.

ஐந்து மாடியும் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடினால் குலுங்கும், நடந்தால் நேரமாகும். கீழே வந்து, வேலைக்குக் கொட்டியிருந்த மணல் மேட்டில் டப்பாவை வைத்துவிட்டு நாலடி விலகியதும் அது சீற ஆரம்பித்தது. புகை. பிறகு ஒரு முழ உயரத்துக்குத் தீ நாக்கு. வேலையாட்கள் கூடிவிட்டார்கள். கணவர் அவளைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

அடங்கிய பிறகு டப்பாவின் விளிம்பில் கறுப்பு வயர் உருகித் தொங்கியது. மேஸ்திரி ஒரு குச்சியால் அதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

பெயிண்டரைக் கீழே இறக்கினார்கள். மேஸ்திரி கத்தினார். மேலேயிருந்து கயிற்றுக்காரன் கூப்பிட்டால் காது கேட்க வேண்டாமா, விழுந்து செத்தால் யார் பதில் சொல்வது, எத்தனை தடவை சொல்லியாயிற்று, இன்றோடு கணக்கை முடித்துக்கொண்டு போ. பெயிண்டர் தலையைக் குனிந்து நின்றார். நெஞ்சில், பாக்கெட் இருந்த இடத்தில், தோல் சிவந்திருந்தது.

அவள் கணவர்தான் மேஸ்திரியைத் தள்ளி அழைத்துப் போனார். "நீங்க சொல்றது நியாயம். நானும் வண்டி ஓட்டறவன். பாட்டுக் கேட்டுட்டு ஓட்டினா எனக்கும் இதேதான். ஆனா ஆள அனுப்பிடாதீங்க. கீழ வைங்க. பெயிண்ட் கலக்கட்டும். தண்டனைன்னா தண்டனைதான், பிழைப்ப ஏன் எடுக்கணும்?" அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆனால் பேசி முடிக்கும்வரை நகரவில்லை. கடைசியில் ஒரு வாரம் மேலே ஏறக் கூடாது என்பதோடு மேஸ்திரி விட்டார்.

பம்பரம் பெயிண்டரிடம் போனாள். பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தாள். "இது நல்ல பேட்டரி, சோதிச்சது. எடுத்துக்கோங்க."

"வேணாம்க்கா." அவர் அவளைப் பார்க்கவில்லை. "கமுக்கமா வாங்கிட்டுப் போயிருக்கலாம். ஊரக் கூட்டிட்டீங்க. கயித்து வேலைக்கு ஒரு கூலி, கீழ ஒரு கூலி. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியல தம்பி. மன்னிச்சுக்கோங்க."

அவர் நீல வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி எதிர்பார்த்தாள் என்று இல்லை. ஆனால் அந்த முதுகைப் பார்த்தபடி நிற்பது மேலே படியேறியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

டீக்கடைப் பலகையிலிருந்து அறிவிப்பை எடுத்துவிட்டாள். மேசையைத் துணி போட்டு மூடினாள். கெட்ட பேட்டரிகளை மண்ணோடு கொண்டுபோய் மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்தாள். அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. காலையில் எழுந்தால் கை எதையாவது தேடியது. பீரோவைக் கவிழ்த்து அடுக்கினாள். ஒரு நாள் கணவர் வேலைக்குக் கிளம்பச் சட்டையை எடுத்துவிட்டு நின்றார்.

"பட்டன் எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்பத் தச்சிருக்கியா?"

"தளர்ந்திருந்துச்சு."

"எட்டுச் சட்டையிலயுமா?" அவர் பட்டனைப் போட்டுக்கொண்டே மேசைத் துணியைப் பார்த்தார். "அதத் தொறந்து உக்காரும்மா. என் சட்டை பொழைச்சுப் போகட்டும்."

அவள் உடனே திறக்கவில்லை. இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்து, மூன்றாம் நாள் திறந்தாள்.

பெயிண்டர் வந்தது அதற்கடுத்த விடுமுறை நாளில், மத்தியானம். மஞ்சள் துணி இல்லாமல் தலை வாரி, ஆளே வேறு மாதிரி இருந்தார். மகள்தான் கதவைத் திறந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அக்கா, கோவத்துல பேசிட்டேன்."

"பேசினது சரிதான். உள்ள வாங்க. நெஞ்சு எப்படி இருக்கு?"

"தோல் உரிஞ்சு புதுசு வந்துருச்சு." அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று சிரித்தார். "ஒண்ணு சொல்லணும்க்கா. அன்னைக்கு நீங்க கீழ நின்னு கையாட்டினத நான் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். அவ்வளவு ஒசரத்துலேருந்து மூஞ்சி தெரியல. துணியில பெயிண்ட் சொட்டினதுக்குச் சண்டை போட வந்த பொம்பளன்னு நெனச்சு, காணாத மாதிரி சுவரப் பாத்துத் திரும்பிட்டேன்."

மகள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். பம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. குதித்த குதி இன்னும் முழங்காலில் இருந்தது. கொஞ்ச நேரம் அவரை முறைத்துப் பார்த்தாள். அப்புறம் எழுந்து, அவருக்கென்று அன்று கொண்டுபோன அதே பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ரூம்புல கேளுங்க. நடக்கும்போது கேளுங்க. கயித்துல ஏறும்போது கொண்டு போகக் கூடாது."

"கொண்டு போக மாட்டேன்க்கா."

"பொய் சொல்லாதீங்க."

பெயிண்டர் பெட்டியைக் கையில் எடுத்து, முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தட்டையாக, குளுமையாக இருந்தது. ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"சரிக்கா, கொண்டு போவேன்" என்றார். "ஆனா ஒரு காதுல மட்டும்."